சுருட்டு நிறுவனம் கைமாறினால் சுவையும் மாறுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஆண்டுக்கணக்காக விரும்பிப் புகைத்து வந்த சிறிய சுருட்டு நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் நமக்குக் கடிதங்கள் குவிகின்றன. சிலருக்குக் கோபம், சிலருக்குத் துக்கம், சிலருக்கு உடனே கடைக்கு ஓடிப் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வேண்டும் என்ற பதற்றம். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை என்பதால் இந்த இதழில் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம். புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை. கேட்கப்பட்டிருப்பவை வணிகத்தையும் சுவையையும் பற்றிய கேள்விகள், பதில்களும் அவற்றுக்கே.

கேள்வி: "உரிமையாளர் மட்டுமே மாறுகிறார், சுருட்டில் எதுவும் மாறாது" என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து அறிக்கை விடுகிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: இலையைப் பொறுத்தவரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தாராளமாக நம்பலாம். அறிக்கை விட்டவர்களின் வாக்குச் சுத்தத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. புகையிலையின் இயல்பை நம்பிச் சொல்கிறேன்.

கையால் சுருட்டப்படும் உயர்வகைச் சுருட்டில் உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, கண்ணுக்குத் தெரியும் மேலிலை என்று மூன்று உண்டு. உள்ளே நிரப்புவதிலும் வகைகள் உண்டு: செடியின் அடிப்பகுதியில் விளைந்த மெல்லிய இலை நன்றாக எரியும், நடுப்பகுதி இலை மணம் தரும், உச்சியில் வெயிலை முழுவதும் வாங்கித் தடித்த இலை காரம் தரும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். அறுவடையான இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகு, ஆளுயர அம்பாரமாக அடுக்கிப் பாடம் செய்கிறார்கள். அம்பாரத்தின் நடுவே சூடு ஏறியதும் அதைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவார்கள்; அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு அம்மோனியா நெடியில் கண் கரிக்கும். அதன் பின்னர் மூட்டையாகக் கட்டிக் கிடங்கில் போட்டால், மெல்லிய இலைகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தயாராகும். உச்சி இலைக்கு அதைவிடவும் கூடுதல் காலம் வேண்டும்.

ஆகவே, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் சுருட்டப்படும் சுருட்டில் இருப்பது பழைய முதலாளி தேர்ந்து வாங்கி, பழைய முதலாளியின் ஆட்கள் பாடம் செய்த இலைதான். புதிய முதலாளி நினைத்தாலும் அதை உடனே மாற்ற முடியாது. செய்தியைப் படித்த மறுவாரமே "சுவை குறைந்துவிட்டது, வாயில் வைக்கவே பிடிக்கவில்லை" என்று எழுதுகிறவர்கள் செய்தியைத்தான் சுவைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். உண்மையான சோதனை, பழைய கிடங்கு காலியாகி, புதியவரின் கொள்முதல் அதிகாரி வாங்கிய இலை மேசைக்கு வரும் காலத்தில்தான் தொடங்குகிறது. அப்போது பார்த்தால் கோபப்பட வேண்டியவர்களில் பலர் கோபத்தை மறந்துவிட்டிருப்பார்கள். அறிக்கையை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கேள்வி: அப்படியானால் மாற்றம் வந்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: நாக்கை மட்டும் நம்ப வேண்டாம். நாக்கு முந்தைய வேளை உண்டதையும், அன்றைய மனநிலையையும், சுருட்டைச் சுற்றி நிறுவனத்தின் பெயரோடு இருக்கும் காகிதப் பட்டையையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்கிறது. பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய இருப்பில் ஒன்றையும் புதிதாக வாங்கியதில் ஒன்றையும் வேறொருவர் கையால் வாங்கிப் புகைத்துப் பாருங்கள். எது எது என்று சொல்ல முடிகிறதா என்பதே முதல் கேள்வி.

அதற்கு முன்பே கண்ணும் விரலும் சொல்லும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு பெட்டியைத் திறந்தால் இருபது சுருட்டுகளின் மேலிலையும் ஏறக்குறைய ஒரே நிறத்தில், கருமையிலிருந்து வெளுப்புக்கு வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால், நிறம் பிரிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். செலவைக் குறைக்கும் நிர்வாகம் கை வைக்கும் இடங்களில் அது ஒன்று. மேலிலையில் தடித்த நரம்பு தெரிகிறதா, தலைப்பகுதியில் ஒட்டிய மூடி சுருக்கமின்றி இருக்கிறதா, விரலால் மெல்ல அழுத்தினால் ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லாக இருக்கும் இடத்தில் இழுப்பு அடைபடும். பஞ்சாக இருக்கும் இடத்தில் சூடு ஏறிக் கசக்கும்.

இவை எல்லாம் சுருட்டுகிறவரின் கையைப் பற்றியவை. உள்ளிலைகளை விசிறி மடிப்பதைப் போல ஒவ்வொன்றாக மடித்து, நடுவே காற்றுப் போகும் வழி விட்டுக் கட்டுவதற்கு நேரம் வேண்டும். இலைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டிவிட்டால் வேகமாக முடியும், ஆனால் இழுப்பு சீராக இராது. நாளொன்றுக்கு இத்தனை என்ற கணக்கு உயரும்போது முதலில் பலியாவது அந்த மடிப்புதான். இலை மாற்றம் தெரிய ஆண்டுகள் ஆகும். சுருட்டும் கையில் வரும் மாற்றம் தெரிய மாதங்களே போதும். அதனால், விற்பனைக்குப் பிறகு எந்தத் தொழிற்சாலையில் எந்த மேற்பார்வையாளர் இருக்கிறார், எந்தெந்த இலையை எவ்வளவு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் கலவை அமைப்பவர் வெளியேறினாரா என்ற செய்தியை, விற்ற விலையைப் பற்றிய செய்தியைவிடக் கூர்ந்து கவனியுங்கள்.

கேள்வி: தன் பெயரில், தன் கையால் வளர்த்த நிறுவனத்தை விற்பது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: கடுமையான சொல். விற்றவரின் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலாவது பணம். மேலே சொன்னபடி இலை ஆண்டுக்கணக்கில் கிடங்கில் தூங்க வேண்டும். வளர்ந்து வரும் நிறுவனம் இன்று விற்கும் சுருட்டுக்கான இலையை முன்பே வாங்கியிருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து இரட்டிப்பாக விற்க வேண்டுமானால் இன்றே இரட்டிப்பாக இலை வாங்க வேண்டும். வியாபாரம் நன்றாக நடக்க நடக்கக் கையில் காசு குறையும் விசித்திரமான தொழில் இது. தோல்வியால் விற்றவர்களைவிட வெற்றியைத் தாங்க முடியாமல் விற்றவர்கள் இந்தத் தொழிலில் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது அரசு. அமெரிக்காவில் 2009-ல் பெரிய சுருட்டு ஒன்றுக்கான கூட்டரசு வரியின் உச்சவரம்பு ஏறத்தாழ 5 சென்ட்டிலிருந்து 40.26 சென்ட்டுக்குத் தாவியது. அடுத்து, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் உயர்வகைச் சுருட்டுகளையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் வரைவை 2014-ல் வெளியிட்டு, 2016 ஆகஸ்ட் 8 முதல் நடைமுறைப்படுத்தியது. 2007 பிப்ரவரி 15-க்குப் பிறகு சந்தைக்கு வந்த ஒவ்வொரு கலவைக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டுக்கு ஒரு புதிய கலவை என்று ரசிகர்களைக் கட்டிப்போட்டிருந்த சிறிய நிறுவனங்களுக்கு இது தலைமேல் தொங்கிய கத்தி. வழக்கறிஞர் படையும் ஆய்வகச் செலவும் தாங்கும் பெரிய நிறுவனத்தின் நிழலில் ஒதுங்குவது அப்போது பலருக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும். உயர்வகைச் சுருட்டுகளைப் பொறுத்தவரை அந்த விதியை நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது. ஆனால் அதற்குள் விற்றவர்கள் விற்றுவிட்டார்கள்.

மூன்றாவது வாரிசு, அதாவது தனக்குப் பிறகு தொழிலை நடத்த யார் வருவார்கள் என்ற கேள்வி. இதற்கு எர்னெஸ்டோ பெரெஸ்-கரிய்யோவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கியூபாவில் தொழில் பறிபோன பிறகு அவருடைய தந்தை மயாமிக்கு வந்து, லிட்டில் ஹவானா பகுதியில் எல் கிரெடிட்டோ என்ற சிறிய சுருட்டுப் பட்டறையை 1968-ல் தொடங்கினார். மகன் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், அங்கே சுருட்டப்பட்ட லா குளோரியா குபானாவுக்குப் பத்திரிகைகளில் உயர்ந்த மதிப்பெண்கள் கிடைத்தன. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சரக்கில்லாத நிலை வந்தது. 1999-ல் அவர் நிறுவனத்தை ஸ்வீடிஷ் மேட்ச் என்ற பெரிய புகையிலை நிறுவனத்துக்கு விற்றார். விற்ற பிறகும் பத்தாண்டுக் காலம் அங்கேயே இருந்து கலவைகளைப் பார்த்துக்கொண்டார். 2009-ல் வெளியேறி, மகனையும் மகளையும் சேர்த்துக்கொண்டு ஈ.பி. கரிய்யோ என்ற பெயரில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் புதிய நிறுவனத்தின் சுருட்டுகள் 2018-லும் 2020-லும் சிகார் அஃபிசியனாடோ இதழின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றன. 1999-ல் அவரைத் துரோகி என்று தூற்றிய ரசிகர் ஒருவர், அவர் விற்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டாவது நிறுவனம் பிறந்தே இருக்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்குப் பிடித்த கமாச்சோவை டேவிடாஃப் வாங்கி உருத்தெரியாமல் ஆக்கிவிட்டது. பழைய கமாச்சோ இனி எங்கே கிடைக்கும்?

பதில்: எந்தப் பழைய கமாச்சோவைக் கேட்கிறீர்கள்? சிமோன் கமாச்சோ என்பவர் 1960-களின் தொடக்கத்தில் மயாமியில் தொடங்கிய பிராண்டு அது. நீங்கள் கொண்டாடும் கமாச்சோ அவருடையது அன்று. 1995-ல் அதை விலைக்கு வாங்கிய எய்ரோவா குடும்பத்தாருடையது. ஹோண்டுராஸின் ஹமாஸ்திரான் பள்ளத்தாக்கில் அவர்கள் விளைவித்த கொரோஹோ என்ற புகையிலை வகையின் காரம்தான் உங்களைப் பிடித்து வைத்தது. அதாவது, நீங்கள் காதலித்ததே கைமாறிய பிராண்டைத்தான். வாங்கியவர் நல்ல விவசாயியாக இருந்ததால் நமக்கு அது விற்பனையாகத் தெரியவில்லை.

2008-ல் எய்ரோவா குடும்பம் அதைச் சுவிட்சர்லாந்தின் ஓட்டிங்கர் டேவிடாஃபுக்கு விற்றது. உங்கள் குறை முற்றிலும் கற்பனை என்று சொல்லமாட்டேன். 2013-ல் பட்டை, பெட்டி, தேள் சின்னம், பெயர் வரிசை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி, சில பழைய வரிசைகளை நிறுத்தியும் விட்டார்கள். விற்பனைக்கும் இந்த மாற்றத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. ஒரு பழைய ரசிகர் கடைக்குப் போய், கண்ணை உறுத்தும் நிறங்களில் அடுக்கப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே தன்னுடையது எது என்று தேடி நின்ற அந்த நிமிடத்தில்தான் அவருக்கு விற்பனை நடந்தது.

ஆனால் இலை எங்கே போனது என்று தேடியிருந்தால் உங்களுக்கு விடை கிடைத்திருக்கும். கிறிஸ்டியன் எய்ரோவா வெளியேறி 2012-ல் சி.எல்.ஈ. நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய தந்தை ஹூலியோ எய்ரோவா அதே பள்ளத்தாக்கில் தொடர்ந்து கொரோஹோ பயிரிட்டார். மற்றொரு மகனான ஹுஸ்டோவுடன் சேர்ந்து தொடங்கிய ஜே.ஆர்.ஈ. நிறுவனத்தின் அலாடினோ சுருட்டுகளில் அந்த இலைதான் இருக்கிறது. பெயரை விற்றார்கள், நிலத்தையும் விவசாய அறிவையும் கையோடு வைத்துக்கொண்டார்கள். நீங்கள் பட்டையைப் பின்தொடர்கிறீர்களா, விவசாயியைப் பின்தொடர்கிறீர்களா என்பதைப் பொறுத்தே உங்கள் கமாச்சோ தொலைந்ததா இல்லையா என்பது அமையும்.

கேள்வி: ட்ரூ எஸ்டேட்டை இனிப்பு பூசிய இயந்திரச் சுருட்டு செய்கிறவர்கள் வாங்கியபோது எல்லாரும் அழுதார்களே, அது என்ன ஆயிற்று?

பதில்: 2014-ல் நடந்தது அது. 1990-களின் நடுவில் ஜோனதன் ட்ரூவும் மார்வின் சாமெலும் சிறிய அளவில் தொடங்கி, நிகராகுவாவின் எஸ்தெலி நகரில் பெரிய தொழிற்சாலையாக வளர்த்த நிறுவனத்தை, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த ஸ்விஷர் வாங்கியது. ஸ்விஷர் என்றால் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் மலிவான இயந்திரச் சுருட்டுதான் அமெரிக்கர்களுக்கு நினைவு வரும். ட்ரூ எஸ்டேட்டோ, லீகா பிரிவாடா போன்ற கலவைகளுக்காக ரசிகர்கள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய நிறுவனம். லீகா பிரிவாடா முதலில் அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்டீவ் சாக்காவின் சொந்தப் புகைக்காகவே அமைக்கப்பட்ட கலவை. அந்தச் சுருட்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விடும் என்று பயந்தார்கள்.

அப்படி நடக்கவில்லை. எஸ்தெலித் தொழிற்சாலை தொடர்ந்தது, ஜோனதன் ட்ரூ நிறுவனத்தின் முகமாகத் தொடர்ந்தார், கலவை அமைக்கும் வில்லி எரேராவும் தொடர்ந்தார். என் கருத்தில் இதற்குக் காரணம் வாங்கியவரின் தாராள மனம் அன்று, அறியாமை. கையால் சுருட்டும் தொழிலை ஸ்விஷர் தானே நடத்தத் தெரியாத நிறுவனம், ஆகவே தெரிந்தவர்களை விட்டு வைத்தது. ஏற்கெனவே பத்துத் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் வாங்கும்போதுதான் "இதையும் அங்கேயே செய்துவிடலாமே" என்ற யோசனை வரும். உங்களுக்குப் பிடித்த நிறுவனத்தை யார் வாங்குகிறார் என்று பார்க்கும்போது, அவருடைய அளவைவிட, அவரிடம் ஏற்கெனவே இதே வேலை செய்யும் தொழிற்சாலை உண்டா என்பதைப் பாருங்கள்.

சாக்காவும், இலைக் கொள்முதலில் தேர்ந்த நிக் மெலிய்யோவும் அந்தக் காலத்தையொட்டி வெளியேறியதும் உண்மை. இருவரும் 2015-ல் தனித்தனியே நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுடைய சுருட்டுகளையும் தேடிப் போன ரசிகர்களுக்கு, ஒரு நிறுவனம் இருந்த இடத்தில் மூன்று கிடைத்தன.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் மேல் இருந்த கோபத்தில் என் வழக்கமான சுருட்டை விட்டுவிட்டு சி.ஏ.ஓ.வுக்கு மாறிவிட்டேன். சரிதானே?

பதில்: நீங்கள் கைவிட்டது அலெக் பிராட்லி என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை 2023-ல் வாங்கியது ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குழுமம். சி.ஏ.ஓ.வும் அதே குழுமத்தினுடையதுதான்.

அங்கிருந்து கோபித்துக்கொண்டு மக்கனூடோவுக்கோ, அமெரிக்காவில் விற்கும் பார்த்தகாஸ், பஞ்ச், லா குளோரியா குபானா ஆகியவற்றுக்கோ போனாலும் அதே வீட்டின் வேறு அறைக்குத்தான் போவீர்கள். பெட்டியில் முதலாளியின் பெயரைப் பெரிதாக அச்சிடும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. குடும்பத்தார் கையிலேயே இருக்கும் நிறுவனம்தான் வேண்டும் என்றால் ஆர்த்துரோ ஃபுவெந்தே, பத்ரோன் போன்றவை இருக்கின்றன.

கேள்வி: அந்த அலெக் பிராட்லிக்குச் சொந்தத் தொழிற்சாலையே இல்லை என்கிறார்களே. பிறகு எதற்கு அவ்வளவு பணம்?

பதில்: விலை 7 கோடியே 25 லட்சம் டாலர். நிறுவனர் ஆலன் ரூபின், தன் இரு மகன்களின் பெயர்களைச் சேர்த்து 1996-ல் தொடங்கிய நிறுவனம் அது. அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்த பிரென்சாடோ, 2011-ல் ஆண்டின் சிறந்த சுருட்டு என்று பட்டம் பெற்றது. ஆனால் அதைச் சுருட்டியது ஹோண்டுராஸின் தன்லீ நகரில் இருக்கும் ராய்செஸ் குபானாஸ் என்ற வேறொருவரின் தொழிற்சாலை.

எனவே வாங்கியவருக்குக் கிடைப்பது பெயர், கலவைகளின் குறிப்பு, கடைகளில் பிடித்து வைத்திருக்கும் இடம், உங்களைப் போன்றவர்களின் பழக்கம். இவற்றில் கடைசிதான் விலை உயர்ந்தது. நீங்கள் அதை அவருக்கு விற்கவில்லை, ஆனாலும் உங்களுக்கும் சேர்த்தே விலை பேசியிருக்கிறார்கள். ரசிகர்களின் மனக்கசப்புக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான் என்று நான் கருதுகிறேன். நிறுவனர் கடைக்கு வந்து கைகுலுக்கி, பெட்டியில் கையெழுத்துப் போட்டுத் தந்து, "நீங்கள்தான் எங்களை வளர்த்தீர்கள்" என்று சொல்லியிருப்பார். அந்த உறவு கணக்குப் புத்தகத்தில் நன்மதிப்பு என்ற தலைப்பின்கீழ் ஒரு தொகையாக மாறும்போது வலிக்கத்தான் செய்யும். வலிப்பது நியாயம். அந்த வலியைச் சுவை குறைந்ததற்குச் சான்றாகக் காட்டுவதுதான் சரியில்லை.

சொந்தத் தொழிற்சாலை இல்லாத நிறுவனம் விற்கப்படும்போது ஆபத்து சற்றே கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் சுருட்டும் வேலையைத் தன் தொழிற்சாலைக்கு மாற்றுவது வாங்கியவருக்கு எளிது. மேலிலை எந்த நாட்டது, எந்த ஊரில் சுருட்டியது என்று பெட்டியின் அடியில் இருப்பதை இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

கேள்வி: பழைய முதலாளி காலத்துச் சரக்கைப் பத்துப் பெட்டி வாங்கிப் பதுக்கி வைக்கலாமா?

பதில்: பத்து வேண்டாம். ஒன்றோ இரண்டோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கினால் போதும்.

சுருட்டு பெட்டிக்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கும். காரம் தணியும், மணம் மெலியும், கலவை ஒன்றோடொன்று இழையும். சில கலவைகள் ஐந்து ஆண்டில் மெருகேறும். சில அதே காலத்தில் வெறும் காகிதம் போலாகிவிடும். ஏழு ஆண்டு கழித்து நீங்கள் புகைக்கப்போவது பழைய சுவையை அன்று, அந்தச் சுவையின் முதுமையை. அதோடு, அறுபத்தைந்து முதல் எழுபது விழுக்காடு ஈரப்பதத்தைப் பத்துப் பெட்டிக்கும் ஆண்டு முழுவதும் காக்க வேண்டும். வெப்பநிலை 24, 25 பாகையைத் தாண்டினால் இலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும். மேலிலையில் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால், அந்தப் பெட்டியிலுள்ள மற்றச் சுருட்டுகளும் சந்தேகத்துக்கு உரியவையே. பதுக்கியவர்களின் துயரக் கதைகளில் முதலாளியைவிட வண்டுக்கே பெரிய பாத்திரம்.

கேள்வி: கியூபச் சுருட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே? அங்கே எல்லாம் அரசுடைமை அல்லவா?

பதில்: அரைப்பங்குதான் அரசுடைமை. கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபனோஸ் நிறுவனத்தின் பாதியை 2000-ல் அல்தாதிஸ் என்ற ஐரோப்பியப் புகையிலை நிறுவனம் வாங்கியது. 2008-ல் அல்தாதிஸை இம்பீரியல் டொபாக்கோ விழுங்கியது. 2020-ல் இம்பீரியல் தன் உயர்வகைச் சுருட்டு வணிகம் முழுவதையும் இரு வேறு முதலீட்டுக் குழுக்களுக்கு 122 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. இருபது ஆண்டில் மூன்று முதலாளிகள். இவற்றில் முதல் இரண்டு கைமாற்றங்களைச் சாதாரணப் புகைப்பாளர் கவனிக்கக்கூட இல்லை. மூன்றாவதற்குப் பிறகு, 2022-ல் கோஹிபா, டிரினிடாட் ஆகிய கியூபச் சுருட்டுகளின் விலை உலகெங்கும் ஹாங்காங் விலையை ஒட்டி உயர்த்தப்பட்டபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது. இலை அதே நிலத்தில் விளைகிறது, சுருட்டுவதும் அதே ஊரில். மாறியது யாருக்கு விற்க வேண்டும் என்ற எண்ணம். கைமாற்றத்தின் விளைவு சுவையில் தெரியாமல் விலையில் மட்டும் தெரியும் என்பதற்கு இது உதாரணம்.

கேள்வி: விற்கப்பட்ட பிறகும் தரம் குறையாத நிறுவனம் ஒன்றையாவது காட்ட முடியுமா?

பதில்: டேவிடாஃப். ஜெனீவாவில் கடை வைத்திருந்த சீனோ டேவிடாஃப் தன் நிறுவனத்தை 1970-லேயே பாசல் நகரின் ஓட்டிங்கர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அவர் 1994-ல் இறக்கும்வரை அதன் முகமாக இருந்தார். கியூபாவில் தயாரான தம் சுருட்டுகளின் தரம் சரியில்லை என்று 1989-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பகிரங்கமாக எரித்தது விற்பனைக்குப் பிறகு நடந்ததே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தயாரிப்பைக் கியூபாவிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்கு மாற்றினார்கள். கியூப டேவிடாஃபைப் பற்றி இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் என் பதிலை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இன்று உலகில் டேவிடாஃபை விரும்பிப் புகைக்கும் எல்லாரும் அரை நூற்றாண்டுக்கு முன்பே விற்கப்பட்ட நிறுவனத்தின் ரசிகர்கள்தான்.

எதிர்ப்பக்க உதாரணம் வேண்டுமானால், நியூயார்க்கின் நாட் ஷெர்மன். சிகரெட் நிறுவனமான ஆல்ட்ரியா அதை 2017-ல் வாங்கி, 2020-ல் அதன் புகழ்பெற்ற கடையையே மூடிவிட்டது. அங்கே பணியாற்றிய இருவர் ஃபெரியோ தேகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, டைம்லெஸ் முதலிய சில சுருட்டு வரிசைகளை மறுபடியும் உயிர்ப்பித்தார்கள். கடை மட்டும் திரும்பவில்லை.

கேள்வி: புதிய முதலாளிக்கு நான் கடிதம் எழுதினால் பயன் உண்டா?

பதில்: "பழைய மாதிரி இல்லை" என்று எழுதினால் நன்றி தெரிவித்து ஓர் அச்சடித்த பதில் வரும். எந்த அளவு, எந்த மாதம் வாங்கியது, பெட்டியின் அடியில் இருக்கும் குறியீடு என்ன, பெட்டியில் எத்தனை சுருட்டில் இழுப்பு அடைத்தது, எந்த இடத்தில் அடைத்தது என்று எழுதினால் அது தொழிற்சாலைக்குப் போக வாய்ப்புண்டு. அந்தக் குறியீட்டை வைத்து எந்த வாரத்தில், எந்த மேசையில் சுருட்டியது என்பதுவரை பல தொழிற்சாலைகளால் கண்டுபிடிக்க முடியும். புகைக்க முடியாமல் அணைத்த சுருட்டைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். அனுப்பச் சொல்லிக் கேட்டாலும் கேட்பார்கள்.